நாள்பட்ட வலி: மருத்துவரிடம் எதை, எப்படிச் சொல்வது?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், அதே காலத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும் வலியையும் நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. அத்தகைய வலியுடன் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை மருந்தைப் பற்றியவையாக இல்லாமல், மருந்து எழுதித் தருபவரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியவையாக இருந்தன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் அளிக்கிறேன்.

எனக்கு நான்கு ஆண்டுகளாக இடுப்பு வலி. மருத்துவர் ஒவ்வொரு முறையும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். "அப்படியேதான் இருக்கிறது" என்பேன். அதே மாத்திரைகளை எழுதித் தருவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லாமல் வந்துவிட்டோம் என்று தோன்றுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி

பொறுமையாகக் கேட்க வேண்டியது மருத்துவரின் கடமை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடமை எப்போதும் நிறைவேறுவதில்லை. 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் இடைமறித்துவிடுவது தெரியவந்தது. மருத்துவரின் பழக்கத்தை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் அந்தச் சில விநாடிகளில் எதை முதலில் சொல்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகலாம்.

"அப்படியேதான் இருக்கிறது" என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவர் எதையும் மாற்ற முடியாது, ஆகவே அவரும் பழைய சீட்டையே திரும்ப எழுதுகிறார். இரத்த அழுத்தத்தைக் கருவியால் அளக்கலாம், சர்க்கரையைப் பரிசோதனையில் காணலாம். வலியை அளக்கும் கருவி எதுவும் இல்லை, நோயாளியின் வாய்மொழி ஒன்றே அதற்கு ஆதாரம். 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கும் வழக்கம் உண்டென்றாலும், 7 என்று சொல்லும் இருவரில் ஒருவர் வேலைக்குப் போய் வருபவராகவும் மற்றவர் படுக்கையை விட்டு எழ முடியாதவராகவும் இருக்கலாம் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வது கடினம். இதற்காகவே பல மருத்துவர்கள் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறார்கள்: கடந்த ஒரு வாரத்தில் இந்த வலி உங்கள் மகிழ்ச்சியை எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலைகளை எவ்வளவு தடுத்தது? உங்கள் மருத்துவர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். "இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை; இரவில் இரண்டு முறை விழித்துக்கொள்கிறேன்; குனிந்து எதையும் எடுப்பதை விட்டுவிட்டேன்" என்ற மூன்று வரிகளில், அரை மணி நேரப் புலம்பலில் கிடைக்காத செய்தி மருத்துவருக்குக் கிடைத்துவிடும்.

வலி எப்படிப்பட்டது என்பதும் முக்கியம், ஏனெனில் அதை வைத்தே மருந்து மாறுகிறது. எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, ஷாக் அடித்தது போல் காலுக்குள் இறங்குவது, மரத்துப் போவது, துணி பட்டாலே கூசுவது ஆகியவை நரம்பிலிருந்து வரும் வலியைச் சுட்டுபவை. அசையும்போது கூடி, ஓய்வில் தணியும் குடைச்சல் பெரும்பாலும் மூட்டையோ தசையையோ சேர்ந்தது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடந்து, நடமாட நடமாட இளகும் முதுகாக இருந்தால் அழற்சி நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். நோயின் பெயரை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உணர்வதை உணர்ந்தபடியே, வழக்கமாக வீட்டில் சொல்லும் சொற்களிலேயே சொன்னால் போதும்.

அடுத்த சந்திப்புக்கு முந்தைய இரண்டு வாரங்கள் சிறு குறிப்பு எழுதி வாருங்கள். அன்றைய தூக்கம், செய்ய முடிந்தது, செய்ய முடியாமல் விட்டது, எடுத்த மாத்திரை ஆகியவற்றை இரவில் ஓரிரு வரிகளில் எழுதினால் போதும். மணிக்கொரு முறை மதிப்பெண் போட்டு நோட்டை நிரப்பிக்கொண்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். நாளெல்லாம் வலியையே கவனித்துக்கொண்டிருப்பது வலியைக் கூட்டத்தான் செய்யும் என்பதால் அதை நான் ஆதரிப்பதில்லை. இத்துடன் இதுவரை முயன்ற மருந்துகளின் பட்டியல் ஒன்றும் வேண்டும். என்ன மருந்து, எந்த அளவு, எத்தனை நாள், பலன் இருந்ததா, ஏன் நிறுத்தினீர்கள் என்ற விவரங்கள் இல்லாமல் "எல்லா மாத்திரையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னால், போதிய அளவில் ஒருபோதும் கொடுக்கப்படாத ஒரு நல்ல மருந்தும் பலனற்றது என்று தள்ளப்பட்டுவிடும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கியவற்றையும், பிற மருத்துவ முறைகளில் எடுத்துக்கொண்டிருப்பவற்றையும் மறைக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது இலக்கைச் சொல்வது. வலி முழுவதும் போக வேண்டும் என்று விரும்புவது இயல்பே, ஆனால் நாள்பட்ட வலியில் அது பலருக்கும் கைகூடுவதில்லை. மருந்து ஆய்வுகளில்கூட வலி 30 சதவீதம் குறைந்தால் அதை நோயாளி உணரத்தக்க முன்னேற்றமாகவே கணக்கிடுகிறார்கள். "மூன்று மாதத்துக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்" என்பது போல ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் மருத்துவருக்கும் ஒரு திட்டம் போட வேண்டிய கட்டாயம் வருகிறது. எழுந்திருக்கும் முன், இந்தச் சிகிச்சையை எவ்வளவு காலம் முயல வேண்டும், பலன் தருகிறது என்பதை எதை வைத்து அறிவது, தராவிட்டால் அடுத்து என்ன என்பவற்றைக் கேட்டு, அவர் சொன்னதை உங்கள் சொற்களில் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே திருத்திவிடலாம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனைகளும் சரியாக இருப்பதாகச் சொல்லி, மனநல ஆலோசகரைப் பார்க்கும்படி மருத்துவர் கூறிவிட்டார். நான் நடிப்பதாக நினைக்கிறாரோ என்று மனம் புண்படுகிறது. வலி உண்மையில் இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

உங்கள் வலி உண்மையானதுதான். வலி குறித்த ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் திருத்தி வெளியிட்ட வரையறையின்படி, திசுவில் சேதம் இருந்தால்தான் வலி என்பதில்லை. சேதம் ஏற்படும்போது உண்டாவதைப் போன்ற அனுபவமும் வலியே. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் அந்தச் சங்கம் அதன் குறிப்புகளில் சேர்த்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, வேறொரு நோயின் அறிகுறியாக அல்லாமல், நாள்பட்ட வலியையே ஒரு நோயாகக் கொள்ளும் பிரிவும் அதில் இடம்பெற்றது.

ஸ்கேன் எடுப்பது உடலின் அமைப்பைத்தான் காட்டும், நரம்பு மண்டலம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டாது. நீண்ட காலம் வலிச் செய்திகளைப் பெற்றுக்கொண்டே இருக்கும் தண்டுவட நரம்பணுக்கள் அளவுக்கு மீறிக் கூர்மையடைந்து, மெல்லிய தொடுதலைக்கூட வலியாக அனுப்பத் தொடங்குகின்றன. ஒலிபெருக்கியின் ஒலியளவைக் கூட்டிவைத்துவிட்டால் மெல்லப் பேசினாலும் காதைப் பிளப்பது போன்றது இது. கிளிஃபோர்ட் உல்ஃப் என்ற ஆய்வாளர் 1983-இல் இதை விலங்கு ஆய்வில் காட்டினார். இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்பின் வட்டுகளில் தேய்மானம் காணப்பட்டது. அறிக்கையில் "தேய்மானம்" என்ற சொல்லைப் பார்த்ததும் அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஆகவே தக்க காரணமின்றி ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுக்கும்படி நீங்களும் வற்புறுத்த வேண்டாம்.

மனநல ஆலோசனையைப் பொறுத்தவரை, அது வலிச் சிகிச்சையின் முறையான ஒரு பகுதி. தூக்கமின்மை, அச்சம், மனச்சோர்வு ஆகியவை மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியைக் கட்டுப்படுத்தும் பாதைகளைப் பலவீனமாக்குகின்றன. அவற்றைச் சீர்செய்யும் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சை) வலியால் வரும் முடக்கத்தைச் சிறிதளவேனும் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் அந்தப் பரிந்துரை மற்ற சிகிச்சைகளோடு சேர்ந்து வருகிறதா, அவற்றுக்குப் பதிலாக வருகிறதா என்பதில் நீங்கள் தெளிவு பெற வேண்டும். "இதோடு என்னென்ன சிகிச்சை தொடரும்? வேறு நோய் இல்லை என்பதை எவற்றை வைத்து முடிவு செய்தீர்கள்? என் வலிக்கு என்ன விளக்கம் தருகிறீர்கள்?" என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லும் மருத்துவர் உங்களை நம்புகிறார். பதில் சொல்லாமல் அனுப்பிவைக்கப் பார்த்தால், உங்கள் மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது.

சர்க்கரை நோயால் பாதங்களில் எரிச்சல். மருத்துவர் தந்த மாத்திரையின் குறிப்பில் அது மனச்சோர்வுக்கானது என்று இருந்தது. ஒரு வாரம் சாப்பிட்டேன்; எரிச்சல் குறையவில்லை, வாய்தான் வறண்டது. நிறுத்திவிட்டேன். தவறா?
— ஓய்வு பெற்ற வாசகர்

சொல்லாமல் நிறுத்தியது மட்டுமே பிழை, அதிலும் பாதிப் பொறுப்பு காரணத்தை விளக்காத மருத்துவருடையது. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் போன்ற மருந்துகள் மனச்சோர்வுக்காக வந்தவை என்றாலும், தண்டுவடத்தில் வலிச் செய்தியைத் தணிக்கும் செரட்டோனின், நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்களின் அளவைக் கூட்டுவதால் நரம்பு வலிக்கு முதல் வரிசையிலேயே பரிந்துரைக்கப்படுகின்றன. அமிட்ரிப்டிலினை இரவில் 10 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்கி, மெல்லக் கூட்டுவார்கள். வாய் வறட்சி, தூக்கக் கலக்கம், மலச்சிக்கல் போன்ற பக்கவிளைவுகள் முதல் நாளிலிருந்தே தெரியும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இந்த வரிசை தெரியாததால்தான் பலர் உங்களைப் போலவே முதல் வாரத்திலேயே கைவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் இவை பலன் தரும் என்று சொல்ல மாட்டேன். நரம்பு வலிக்கான எந்த மருந்தும் எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் கணிசமான நிவாரணம் தருகிறது. ஆகவே ஒன்றைப் போதிய அளவில், போதிய காலம் முயன்று, பலன் இல்லையேல் கபாபென்டின், பிரிகாபலின் போன்ற வேறொன்றுக்கு மாறுவதே முறை. கண் நீர் அழுத்தம், இதயத் துடிப்பில் கோளாறு, சிறுநீர் கழிப்பதில் தடை, சிறுநீரகக் குறைபாடு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தேர்வும் அளவும் மாறும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாரக்கணக்கில் எடுத்துவிட்ட பிறகு இவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

தலைவலிக்காக ஏறக்குறைய தினமும் மாத்திரை எடுக்கிறேன். எடுத்தால் குறைகிறது, மறுநாள் மீண்டும் வருகிறது. இன்னும் வலுவான மாத்திரை கேட்கலாமா?
— கல்லூரி மாணவி

கேட்க வேண்டாம்; எத்தனை நாள் மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதை எண்ணிச் சொல்லுங்கள். ஏற்கெனவே தலைவலி நோய் உள்ள ஒருவர், பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற எளிய வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான்களையும் கலவை மாத்திரைகளையும் 10 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கும் அதிகமாக எடுத்துவந்தால், அந்த மாத்திரைகளே தலைவலியை நிலைக்கச் செய்துவிடக்கூடும். நிறுத்தும்போது சில நாள்கள் வலி கூடும் என்பதால் மருத்துவரின் துணையுடன் நிறுத்தி, தேவைப்பட்டால் தடுப்பு மருந்துக்கு மாறுவதே தீர்வு. பெரியவர்களுக்குப் பாராசிட்டமாலின் உச்ச அளவு நாளொன்றுக்கு 4 கிராம். கல்லீரல் பாதிப்போ மதுப் பழக்கமோ உள்ளவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து ஒளிந்திருப்பதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

என் கணவர் முழங்கால் வலிக்காக மூன்று ஆண்டுகளாக ஓபியாய்டு வகை மாத்திரை (அபினைப் போலச் செயல்படும் வலுவான வலிநிவாரணி) எடுக்கிறார். புதிய மருத்துவர் அதைக் குறைக்க வேண்டும் என்கிறார். போதைக்கு அடிமையானவர் போல் தம்மை நடத்துவதாகக் கணவர் கோபப்படுகிறார்.
— ஒரு வாசகி

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. மருத்துவர் எழுதித் தந்ததை ஒழுங்காக எடுத்துவந்த ஒருவரைச் சந்தேகத்துடன் பார்ப்பது சரியல்ல. உடல் ஒரு மருந்துக்குப் பழகிவிடுவதும் அடிமையாவதும் வேறு வேறு, இதை மருத்துவரிடமே வெளிப்படையாகச் சொல்லி, "என் மீது ஐயமா, மருந்தின் மீது ஐயமா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

மருந்தின் மீதான ஐயத்துக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. முதுகு வலியோ, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மான வலியோ உள்ள 240 பேரை ஓராண்டு கண்காணித்து 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓபியாய்டு எடுத்தவர்களின் இயங்கு திறன் மற்ற மருந்துகள் எடுத்தவர்களைவிட மேம்படவில்லை. வலியின் அளவில் மற்றவர்களே சற்று நன்றாக இருந்தனர். நாளாக ஆக அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவதும், சிலருக்கு அந்த மருந்தே வலியுணர்வைக் கூர்மையாக்குவதும் உண்டு. புற்றுநோய் வலிக்கும் வாழ்வின் இறுதிக்காலச் சிகிச்சைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஓபியாய்டுகள் இன்றியமையாதவை.

குறைப்பது என்று முடிவானால், வேகத்தில்தான் கவனம் வேண்டும். ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 10 சதவீதம் அல்லது அதைவிடவும் மெதுவாகக் குறைப்பது தாங்கிக்கொள்ளக்கூடியது என்று 2022-இல் திருத்தப்பட்ட அமெரிக்க வழிகாட்டுதல் கூறுகிறது. திடீரென நிறுத்துவது கடும் உடல் உபாதையையும் மன நெருக்கடியையும் உண்டாக்கக்கூடியது. ஆகவே மாதவாரியாக எழுதப்பட்ட அட்டவணையையும், இடையில் வலி கூடினால் என்ன செய்வது என்ற ஏற்பாட்டையும், மாத்திரைக்குப் பதில் வரப்போகும் சிகிச்சையையும் கேட்டுப் பெறுங்கள். முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும் எந்த மாத்திரைக்கும் சளைத்தவையல்ல. அதுவரை அந்த மருந்துடன் மதுவோ தூக்க மாத்திரையோ சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சேர்க்கை மூச்சையே அடக்கிவிடக்கூடியது.

உடற்பயிற்சி செய்யும்படி மருத்துவர் சொல்கிறார். வலி குறைந்த நாளில் எல்லா வேலைகளையும் செய்துவிடுகிறேன். அடுத்த மூன்று நாள் எழ முடிவதில்லை. பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிப் புரியவைப்பது?
— இல்லத்தரசி

மருத்துவர் சொன்னது பயிற்சி. நீங்கள் செய்வது, தேங்கிய வேலையை ஒரே நாளில் தீர்ப்பது. வலி குறைந்த நாளில் எல்லை மீறுவதும், அதன் விளைவாகப் படுத்துவிடுவதும், படுத்திருந்ததால் தசை இன்னும் தளர்வதும் ஒரு சுழற்சியாகி, ஒவ்வொரு சுற்றிலும் உடலின் தாங்குதிறன் குறைந்துகொண்டே போகிறது. மோசமான நாளிலும் வலியைக் கூட்டாமல் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்று பார்த்து, அதைவிடச் சற்றுக் குறைவான அளவில் தொடங்குங்கள். அது ஐந்து நிமிடமாக இருந்தாலும் சரி. நல்ல நாளிலும் அதற்கு மேல் போகக் கூடாது என்பதுதான் கடினமான பகுதி, இதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். ஒரு வாரம் நிலையாகச் செய்ய முடிந்தால் ஓரிரு நிமிடங்களைக் கூட்டலாம். பயிற்சிக்குப் பின் சற்று வலிப்பது சேதத்தின் அடையாளம் அல்ல. மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரியானது என்று கொள்ளலாம்.

"ஒத்துக்கொள்ளவில்லை" என்று மருத்துவரிடம் சொல்வதைவிட, எந்த அளவில் என்ன ஆகிறது என்று சொல்லி, பிசியோதெரபி நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அச்சடித்த பயிற்சித் தாளைக் கையில் கொடுத்து அனுப்புவதும், ஒருவர் அருகில் நின்று அளவை நிர்ணயித்துத் தருவதும் ஒன்றல்ல.

மருத்துவரை மாற்றலாமா? நன்றி கெட்டவன் என்று நினைப்பாரோ எனத் தயங்குகிறேன்.
— ஒரு வாசகர்

இரண்டாவது கருத்துக் கேட்பதை நல்ல மருத்துவர் எவரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். ஒப்புக்கொண்ட காலத்துக்குச் சிகிச்சையை முயன்ற பிறகும் மாற்றமில்லை, திட்டமும் இல்லை என்றால் தயங்காமல் மாறலாம். ஆனால் மாதத்துக்கு ஒருவரிடம் போவதில் பயனில்லை. ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார்கள், இருவர் எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் ஆபத்தும் உண்டு. யாரிடம் போனாலும் பழைய அறிக்கைகளையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்.

வலி பழகிவிட்டது. எப்போது அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் உடனே போக வேண்டும்?
— ஒரு வாசகி

முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறிப் போனாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொண்டாலும், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலும், கால்கள் நாளுக்கு நாள் வலுவிழந்தாலும் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தண்டுவடத்தின் கீழ்நரம்புகள் நசுங்கியிருந்தால் தாமதம் நிரந்தர முடக்கத்தில் முடியலாம். திடீரென உச்சத்தை எட்டும் புதுவகைத் தலைவலியும், நெஞ்சை அழுத்தும் வலியும் அவ்வாறே. காய்ச்சலுடன் கூடிய முதுகு வலி, காரணமின்றி எடை குறைதல், ஓய்விலும் இரவிலும் தணியாமல் ஏறிக்கொண்டே போகும் வலி, முன்பு புற்றுநோய் வந்திருந்தவருக்குப் புதிதாகத் தோன்றும் எலும்பு வலி ஆகியவற்றுக்கு ஓரிரு நாள்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றை எடுப்பவர்கள் மலம் கறுத்துப்போனால் இரைப்பையில் இரத்தக் கசிவு இருக்கலாம் என்று கருதி மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும். வலியைத் தாங்க முடியாமல் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால், அதையும் இதே அவசரத்தில் வைத்து, அன்றே மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.